வீடு திரும்பும் நோயாளியும் விடுவிப்புக் குறிப்பும்

(உரையின் எழுத்து வடிவம்)

திருமலைக்கு அலிபிரி வழியாக நடந்து செல்லும் பக்தர் ஏறத்தாழ 3,550 படிகளைக் கடக்க வேண்டும். நாள்தோறும் சராசரியாக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தரிசனம் செய்யும் அத்தலத்திற்கு வருவோரில் முதியோர் பலர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் பலர். அவர்களுள் ஒருவர், சோலாப்பூரிலிருந்து வந்த அறுபது வயதுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம், பாதி வழியில் மார்பு வலியால் துவண்டு விழுகிறார். திருப்பதி மருத்துவமனை ஒன்றில் அவரது இதயக் குழாயின் அடைப்பு நீக்கப்பட்டு, அதனுள் ஸ்டெண்ட் பொருத்தப்படுகிறது. நான்காம் நாள் அவர் இரயிலேறுகிறார். சிகிச்சை அளித்த மருத்துவரை அவர் மீண்டும் காணப் போவதில்லை. அவரைப் பேண வேண்டிய சோலாப்பூர் மருத்துவர், திருப்பதியில் நடந்ததைக் கண்டவரல்லர். இவ்விருவருக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு, நோயாளியின் பையில் மடித்து வைக்கப்பட்டுள்ள இரண்டு பக்கத் தாள். மக்கள் அதனை 'டிஸ்சார்ஜ் சம்மரி' என்று அழைக்கின்றனர். இங்கு அது விடுவிப்புக் குறிப்பு எனப்படும்.

ஸ்டெண்ட் பொருத்தியது எந்த நாளில், எந்தக் குழாயில், எவ்வகை ஸ்டெண்ட், இரத்தம் உறையாமல் தடுக்கும் இரு மருந்துகளையும் எத்தனை மாதங்கள் நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும் ஆகிய நான்கு செய்திகளும் அத்தாளில் இருந்தாக வேண்டும். கடைசிச் செய்தி விடுபட்டதென்று கொள்வோம். இரண்டு மாதங்கள் கழித்து அந்நோயாளி பல் பிடுங்கச் செல்கிறார். இரத்தம் அதிகம் வடியக் கூடாதென்ற நல்லெண்ணத்தில் யாரோ ஒருவர் இரு மருந்துகளையும் நிறுத்தச் சொல்கிறார். ஸ்டெண்டினுள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு ஏற்பட இது போதுமானது. இலட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவிகளும் தேர்ந்த மருத்துவர்களின் உழைப்பும் சேர்ந்து காத்த உயிர், எழுதப்படாத ஒரு வரியால் இழக்கப்படக்கூடும்.

திருப்பதியும் சித்தூரும் இப்பொருளை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற இடங்கள். 1960-இல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனுடன் இணைந்த ரூயா அரசுப் பொது மருத்துவமனை 1962-இல் செயல்படலாயிற்று. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவாகி 1993-இல் திறக்கப்பட்ட 'ஸ்விம்ஸ்' மருத்துவ அறிவியல் நிலையம், 1995-இல் மாநிலச் சட்டத்தின் வாயிலாகப் பல்கலைக்கழகத் தகுதியைப் பெற்றது. உடற்குறையுடையோருக்கான 'பர்ட்' மருத்துவமனையும் தேவஸ்தானத்தின் கொடையே. சித்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லைக்கு அப்பால், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இராயலசீமையின் தென்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்குச் சென்று வருகின்றனர். ஆகவே இப்பகுதிக் குடும்பம் ஒன்றில் ஒருவருக்கு நெடுநாள் நோய் கண்டால், மூன்று நகரங்களின் மருத்துவமனைக் காகிதங்கள் ஒரே துணிப்பையில் சேர்ந்துவிடுவது இயல்பு. அக்காகிதங்கள் ஒன்றையொன்று அறியாதவை.

மொழியும் இங்கு ஒரு சிக்கல். சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1960-இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. எல்லைக் கோடு மாறியதே தவிர, வீட்டு மொழி மாறவில்லை. குப்பம், நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. குப்பத்தில் கன்னடமும் உடன் ஒலிக்கின்றது. விடுவிப்புக் குறிப்போ முழுமையும் ஆங்கிலத்தில் உள்ளது. அது அவ்வாறு இருப்பதில் பிழையில்லை. சோலாப்பூர் மருத்துவருக்குத் தெலுங்கிலோ தமிழிலோ எழுதிப் பயனில்லை. ஆனால் அத்தாளைப் படிக்க வேண்டியவர் மருத்துவர் ஒருவரே என்ற எண்ணம்தான் பிழையானது.

குறைபாடு இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வளர்ந்த நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, நோயாளி வீடு திரும்பியபின் முதன்முறை தம் குடும்ப மருத்துவரைக் காணும்போது, விடுவிப்புக் குறிப்பு அம்மருத்துவரிடம் வந்து சேர்ந்திருந்தது 12 முதல் 34 விழுக்காடு வரையிலான நேர்வுகளில் மட்டுமே என்று காட்டியது. வந்து சேர்ந்த குறிப்புகளிலும் சோதனை முடிவுகள் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வரை விடுபட்டிருந்தன. வீடு திரும்பும் நாளில் முடிவு வராத சோதனைகள் எவையென்ற செய்தி 65 விழுக்காட்டுக் குறிப்புகளில் இல்லை. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் என்ன சொல்லி அனுப்பப்பட்டது என்பது பத்தில் ஒன்பதில் காணப்படவில்லை.

இதன் விளைவு யாது? 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 400 நோயாளிகளுள் 76 பேர், அதாவது 19 விழுக்காட்டினர், சிகிச்சையின் காரணமாகவே ஏதேனும் ஒரு தீங்கை அடைந்திருந்தனர். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முற்றிலும் தவிர்க்கக்கூடியவை. மேலும் ஒரு பங்கின் கடுமையைக் குறைத்திருக்க முடியும். தீங்குகளில் பெரும்பாலானவை மருந்துகளைச் சார்ந்தவை. 2005-இல் வந்த ஆய்வு, வீடு திரும்பிய 2,644 நோயாளிகளுள் 41 விழுக்காட்டினர்க்கு, ஏதேனும் ஒரு சோதனையின் முடிவு பின்னரே வரவேண்டியிருந்ததைக் கண்டது. மருத்துவமனையின் கதவு மூடிய பின்னும் ஆய்வுக்கூடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கின்றது. அம்முடிவைப் பார்க்க வேண்டியவர் யார் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை.

சித்தூர் மண்ணிலிருந்தே மற்றோர் எடுத்துக்காட்டைக் கருதலாம். வேர்க்கடலைப் பயிரிடும் உழவர் ஒருவரைக் கண்ணாடி விரியன் தீண்டுகின்றது. நஞ்சு முறி மருந்து தரப்படுகின்றது. எனினும் சிறுநீரகம் செயலிழக்கின்றது. சில முறை டயாலிசிஸ் செய்தபின் சிறுநீர் பிரியத் தொடங்க, பன்னிரண்டாம் நாள் அவர் வீடு செல்கின்றார். 'பாம்புக்கடி, சிகிச்சை அளிக்கப்பட்டது, நிலை திருப்தி' என்று மட்டும் குறிப்பில் எழுதப்பட்டிருந்தால், ஊர் மருத்துவர் அறிந்துகொள்வது மிகக் குறைவு. ஒரு மாதத்தில் அவ்வுழவர் மூட்டு வலி என்று வருகிறார். வழக்கமான வலி நிவாரணி எழுதித் தரப்படுகின்றது. இன்னும் முழுதும் தேறாத சிறுநீரகத்திற்கு அம்மருந்து கேடு விளைவிக்கும். வீடு திரும்பிய நாளில் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு எவ்வளவு, மீண்டும் எந்த நாளில் அதனைச் சோதிக்க வேண்டும், எவ்வகை மருந்துகளைத் தரலாகாது என்ற மூன்று வரிகள் இருந்திருப்பின், ஊர் மருத்துவரின் கை தானே தயங்கியிருக்கும். 'நிலை திருப்தி' என்ற சொற்றொடரை விடுவிப்புக் குறிப்புகளிலிருந்து விலக்கிவிட்டாலே பாதிச் சீர்திருத்தம் ஆகிவிடும் என்று மருத்துவர்களிடையே நகைச்சுவையாகக் கூறப்படுவதுண்டு. அதில் உண்மையும் உண்டு.

குறிப்பு ஏன் குறையுடையதாக அமைகிறது என்பதைப் பொருளாதாரக் கண்கொண்டு நோக்கினால் விடை தெளிவாகும். நல்ல குறிப்பை எழுதும் செலவு ஒருவரைச் சார்கிறது. அதன் பயன் வேறொருவரைச் சென்றடைகிறது. எழுதுபவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர் அல்லது முதுநிலை மாணவர். இரவுப் பணி முடிந்து, காலைச் சுற்றில் பெரிய மருத்துவர் 'பத்துப் பேரை அனுப்பலாம்' என்று சொல்லிச் சென்றபின், நண்பகலுக்குள் பத்துக் குறிப்புகளை அவர் எழுதி முடிக்க வேண்டும். குறிப்பு ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். புதிய நோயாளிகளோ வாயிலில் காத்திருக்கின்றனர். நன்கு எழுதியதற்காக அவரைப் பாராட்டுவோர் இல்லை. மோசமாக எழுதியதன் விளைவு வேறோர் ஊரில், வேறொரு மாதத்தில் தோன்றுவதால் அது அவர் காதுக்கு எட்டுவதுமில்லை. பிழையைப் பற்றிய செய்தி, பிழை செய்தவரிடம் திரும்பி வராத அமைப்பு எதுவும் தானாகத் திருந்துவதில்லை. பெரிய மருத்துவர் கையொப்பமிடுகிறார். எல்லா வேளையிலும் படித்துவிட்டு இடுகிறார் என்று சொல்வதற்கில்லை.

செலவின் மறுபக்கம் நோயாளியின் வீட்டில் உள்ளது. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி 2017-18-இல், மகப்பேறு நீங்கலாக, மருத்துவமனையில் ஒருமுறை தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான சராசரிச் செலவு கிராமப்புறத்தில் ரூ. 16,676, நகர்ப்புறத்தில் ரூ. 26,475. முந்தைய சோதனை முடிவுகள் குறிப்பில் இல்லையெனில், அடுத்த மருத்துவமனை அவற்றை மீண்டும் செய்யச் சொல்கின்றது. அதே ஸ்கேன், அதே இரத்தச் சோதனை. அரசுத் திட்டம் அச்செலவை ஏற்றால் பொதுநிதி இருமுறை செலவாகின்றது. ஏற்காவிட்டால் உழவர் வீட்டு ஆடு விற்கப்படுகின்றது. ஆந்திரத்தில் 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ போன்ற காப்பீட்டுத் திட்டங்களின் கீழ், விடுவிப்புக் குறிப்பு மருத்துவமனை பணம் பெறுவதற்கான ஆவணமாகவும் ஆயிற்று. இதனால் குறிப்பு தவறாமல் எழுதப்படலாயிற்று என்பது நன்மை. ஆனால் பணம் வழங்குவோர் கேட்பது ஒன்று; ஊர் மருத்துவர் கேட்பது வேறொன்று. அறுவைச் சிகிச்சையின் பெயரும் நாளும் முன்னவர்க்குப் போதும். நோயாளி நாளைக் காலையில் எந்த மாத்திரையை விழுங்க வேண்டும் என்பதே பின்னவர்க்கு வேண்டும்.

விதிமுறைகள் இல்லாமலில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என்றும் கூறுகின்றன. மருத்துவமனைத் தரச் சான்று வழங்கும் தேசிய வாரியம், சேர்க்கப்பட்ட காரணம், முக்கியக் கண்டறிதல்கள், நோய் முடிவு, செய்த சிகிச்சை, வெளியேறும்போது உடல்நிலை, மருந்துகள், அடுத்து வர வேண்டிய நாள், அவசர உதவியை எப்போது எவ்வாறு நாட வேண்டும் என்பன யாவும் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 24 மணி நேரத்திற்குள் குடும்ப மருத்துவரை அடைய வேண்டும் என்ற நியதியும் உண்டு. தலைப்புகள் அனைத்தும் இருந்தும் உள்ளீடு இல்லாத குறிப்பு எழுதப்படுவதை எந்த விதியும் தடுக்க இயலாது.

இந்த மாவட்டத்தின் பழைய வரலாறு ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோயாளருக்கான சானடோரியம் எழுந்தது. மாதக்கணக்கில் நோயாளி அங்குத் தங்குவார்; நல்ல காற்று, ஓய்வு, உணவு, மேற்பார்வை அனைத்தும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். பின்னர் 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, சக்தி வாய்ந்த மருந்துகளைத் தந்தால் ஏழை நோயாளியின் குடிசையிலும் சானடோரியத்திற்கு இணையான பலன் கிட்டும் என்பதை 1959-இல் உலகிற்குக் காட்டியது. சிகிச்சை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு இடம்பெயர்ந்த அன்றே, பதிவேடும் உடன் செல்ல வேண்டியதாயிற்று. காசநோய்த் திட்டத்தின் சிகிச்சை அட்டை அவ்வாறு பிறந்த மரபைச் சேர்ந்தது: எந்த மருந்து, எந்த நாள், எடுத்தாரா இல்லையா, அடுத்த சளிச் சோதனை எப்போது. பெரிய படிப்பில்லாத சுகாதாரப் பணியாளரும் அதனைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்கும் அத்தகைய எளிமை ஏன் வாய்க்கவில்லை என்பது சிந்திக்கத் தக்கது. சிகிச்சை வீட்டில்தான் தொடரப் போகிறது என்பதைக் காசநோய் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டனர். பிற துறையினர் இன்னும் மனத்தளவில் சானடோரியத்திலேயே இருக்கின்றனர்.

கணினி இக்குறையைத் தீர்த்துவிடும் என்று நம்புவோர் உளர். சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அமைந்த தொலைமருத்துவ நிலையத்தை, 2000-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ஐதராபாத் வந்திருந்த அப்போதைய அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கி வைத்தார். கிராமத்தையும் நகர மருத்துவமனையையும் கம்பியில்லாமல் இணைக்க முடியும் என்பது அன்றே நிறுவப்பட்டது. 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண்ணைத் தந்து, அவரது ஒப்புதலுடன் ஆவணங்கள் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழி வகுக்கின்றது. திருப்பதி யாத்திரிகரைப் பொறுத்தவரை இது பெரும் பேறு. தாள் தொலைந்தாலும் செய்தி தொலையாது. கையெழுத்து விளங்காத துன்பமும் அச்செழுத்தால் நீங்குகின்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. குழாய் எவ்வளவு அகன்றதாக இருப்பினும், அதில் ஓடும் நீர் ஊற்றின் தன்மையையே கொண்டிருக்கும். கணினி வந்தபின் வேறொரு நோய் தோன்றியுள்ளது. முந்தைய நாளின் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதால், எட்டுப் பக்கம் நீளும் குறிப்பில் ஐந்து பக்கம் சோதனை எண்களாகவே அமைந்துவிடுகின்றன. இரண்டாம் நாள் நிறுத்தப்பட்ட மருந்து எட்டாம் நாள் பட்டியலிலும் நீடிக்கின்றது. குறைவாக எழுதுவது ஒரு குற்றமெனில், தேவையற்றதை அடுக்கி முக்கியமானதை மறைப்பதும் அதற்குக் குறைந்ததன்று.

சீர்திருத்தத்தில் முதலிடம் பெற வேண்டியது மருந்துப் பட்டியல். 'வீட்டில் தொடர வேண்டிய மருந்துகள்' என்ற ஒரே தலைப்பு போதாது. முன்பே உட்கொண்டு வந்தவற்றுள் தொடர்வன எவை, நிறுத்தப்பட்டவை எவை, அளவு மாற்றப்பட்டவை எவை, புதிதாகச் சேர்க்கப்பட்டவை எவை, ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம் என்ன என்று பிரித்து எழுத வேண்டும். நிறுத்தப்பட்ட மருந்தின் பெயர் எழுதப்படாவிடில், வீட்டு அலமாரியில் உள்ள பழைய அட்டையிலிருந்து அது தொடர்ந்து விழுங்கப்படும். வணிகப் பெயருடன் மருந்தின் பொதுப் பெயரும் இருக்க வேண்டும். திருப்பதியில் விற்கும் வணிகப் பெயர் சோலாப்பூரில் கிடைக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை தரும் மருந்து. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையின் பெயரை எழுதாமல் அதனை எழுதலாகாது. இன்சுலின் அளவில் 'யூனிட்' என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது சுழியமாகப் படிக்கப்பட்டுப் பத்து நூறாகிவிடக்கூடும். இவை கற்பனை அச்சங்கள் அல்ல, உலகெங்கும் நேர்ந்துள்ளவை.

அடுத்தது, எழுதத் தொடங்கும் நேரம். வெளியேறும் நாளன்று முதல் வரியிலிருந்து தொடங்குவதால்தான் அவசரமும் தாமதமும் உண்டாகின்றன. காலை பதினொரு மணிக்கு 'போகலாம்' என்று கேட்ட குடும்பம், மாலை ஐந்துக்குத் தாளைப் பெற்று, புங்கனூர்ப் பேருந்தைத் தவறவிட்டு, இரவு மருத்துவமனை வராந்தாவில் படுத்துக்கிடப்பதும் தரக்குறைவின் ஒரு பகுதியே. சேர்க்கப்பட்ட அன்றே குறிப்பைத் தொடங்கி, நாள்தோறும் இரண்டு வரி சேர்த்துவந்தால், கடைசி நாளில் எஞ்சுவது மருந்துப் பட்டியலும் அறிவுரையுமே.

மூன்றாவதாக, நோயாளிக்கென ஒரு பக்கம் வேண்டும். அது தெலுங்கிலோ தமிழிலோ, அவர் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் எவரோ அவர் மொழியில் அமைய வேண்டும். காலை, பகல், இரவு என்பதை 1-0-1 என்று குறிக்கும் முறை எழுத்தறியாதோர்க்கும் பழக்கமானது, அதனை வைத்துக்கொள்ளலாம். எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும், எந்தத் தொலைபேசி எண்ணில் இரவிலும் ஒருவர் பதில் சொல்வார் என்பவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். செவிலியர் அதனைப் படித்துக் காட்டியபின், நோயாளியையோ உடனிருக்கும் மகளையோ திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். 'புரிந்ததா' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவர். 'நாளைக் காலை என்ன மாத்திரை' என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

மருத்துவ ஆலோசனைக்கு மாறாகத் தாமே வெளியேறுவோரின் நிலை தனியே குறிப்பிடத் தக்கது. கையில் பணமின்றியோ, அறுவடைக்கு ஆளின்றியோ, நம்பிக்கை இழந்தோ அவர்கள் செல்கின்றனர். அவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளப்படுகின்றது. ஒழுங்கான குறிப்பு கொடுக்கப்படுவது அரிது. சிகிச்சை முடியாமல் செல்பவருக்கே குறிப்பின் தேவை மிகுதி என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். கையொப்பம் மருத்துவமனையைக் காக்கலாம். நோயாளியை அது காப்பதில்லை.

இத்தனையையும் ஒரே நாளில் எல்லா வார்டுகளிலும் புகுத்த முற்பட்டால், மற்றுமொரு படிவம் அச்சாகி மூலையில் கிடக்கும். ஸ்டெண்ட் பொருத்தப்பட்டோர், சிறுநீரகப் பாதிப்புடன் வீடு செல்வோர், பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்த தாய்மார் ஆகிய மூவகையினரைக் கொண்டு தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது. மாதந்தோறும் இருபது குறிப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அவற்றை மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு மட்டும் பார்த்து, கட்டங்கள் நிரம்பியுள்ளனவா என்று சரிபார்ப்பதில் பயனில்லை. பலமனேரிலோ குப்பத்திலோ உள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவரிடம் அவற்றைத் தந்து, மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்நோயாளிக்கு என்ன நேர்ந்தது, இன்று இவருக்கு எந்த மருந்தைத் தருவீர்கள், அடுத்த வாரம் எதனைச் சோதிப்பீர்கள்? அவர் தாளிலிருந்தே விடை கூற முடியாத குறிப்புகள், அவற்றை எழுதிய பயிற்சி மருத்துவரிடமும் கையொப்பமிட்ட பெரிய மருத்துவரிடமும் பெயர் குறிக்காமல், கண்டனமின்றி, அதே வாரத்தில் திரும்பிச் செல்ல வேண்டும்.